வீட்டுத் திறப்பும் கைத்தொலைபேசியும்

வன்னிக் கிராமம் ஒன்றில் வசிக்கும் அந்தச் சகோதரியின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக் கொண்டார். "ஆனால் நடந்ததை எழுதுங்கோ, என்னைப் போல இன்னொருத்தி ஏமாறக் கூடாது" என்றார்.

அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் 2009 ஆம் ஆண்டுக்குப் பின் வீடு திரும்பவில்லை. வீட்டிலேயே தையல் தைத்து, பாடசாலைச் சீருடைகளுக்கு ஓடர் எடுத்துச் சீவிக்கின்றார். வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய கைத்தொலைபேசியில்தான் அவரது முழு உலகமும் இருந்தது. வங்கிக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள் எல்லாம் அதில்தான். இடப்பெயர்வில் கல்யாண அல்பம் தொலைந்து போனது. உறவினர் ஒருவரிடம் இருந்த ஒரே ஒரு படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அழைப்பு வந்தது. "அக்கா, வங்கியிலிருந்து கதைக்கிறம். உங்கட கணக்கு இண்டைக்குப் பூட்டுப்படப் போகுது. பயப்பட வேண்டாம், நான் சொல்லுறதை அப்பிடியே செய்யுங்கோ" என்றது ஓர் இளம் குரல். மரியாதையான குரல். ஒரு செயலியை இறக்கச் சொன்னது. இறக்கினார். திரையில் தெரிந்த இலக்கத்தை வாசிக்கச் சொன்னது. வாசித்தார். வந்த கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பத்து நிமிடத்தில் 38,500 ரூபா போய்விட்டது.

பதறிப்போன அவர் அந்தச் செயலியின் படத்தை விரலால் இழுத்துத் திரையிலிருந்து அகற்றினார். செயலி போய்விட்டது என்றே நினைத்தார். மூன்றாம் நாள் மேசையில் கிடந்த கைத்தொலைபேசியின் திரை தன்பாட்டில் அசைந்தது. படங்கள் உள்ள பகுதி ஒவ்வொன்றாகத் திறந்தது. "என்ர வீட்டுக்குள்ள ஆரோ நிண்டு அலுமாரியைக் கிளறுற மாதிரி இருந்தது" என்று அவர் சொன்னபோது எங்களுக்கும் மேல் கூசியது.

அவரது காசைக் கொண்டுபோனது ஒரு பொய். ஆனால் மூன்றாம் நாளும் கள்வனை வீட்டுக்குள் விட்டது, ஒரு மென்பொருளை எப்படி முறையாக அகற்றுவது என்பதை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காமை. அதனைச் சொல்லிக் கொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது என்ன மென்பொருள்?

ஓரிடத்தில் இருந்துகொண்டு இன்னோரிடத்திலுள்ள கணினியையோ கைத்தொலைபேசியையோ இயக்குவதற்கான மென்பொருட்கள் இவை. இரு பக்கத்திலும் மென்பொருள் இருக்கும். உதவி பெறுபவரின் திரை, படமாக இணையத்தின் வழியே மற்றவருக்குப் போகின்றது. மற்றவரின் சுட்டி அசைவும் விசைத் தட்டலும் அதே வழியால் திரும்பி வருகின்றன. ஒன்பது அல்லது பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்தான் பெரும்பாலும் முகவரியாக இருக்கும். முகவரியை அறிந்தவர் கதவைத் தட்டலாம். 'ஏற்றுக்கொள்' என்று நீங்கள் அழுத்தினால் கதவு திறக்கும். நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டாலோ, அவர் தட்டவே தேவையில்லை. திறப்பு அவர் கையில் இருக்கின்றது.

இவை கள்வர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆய்வுகூடம் ஒன்றில் வீ.என்.சி. என்ற முறை உருவானது. ஜேர்மனியில் 2005 இல் ரீம்வியூவரும், 2014 இல் எனிடெஸ்க்கும் வந்தன. கூகுள் நிறுவனம் குரோம் றிமோட் டெஸ்க்டொப் என்பதை வழங்குகின்றது. விண்டோஸ் கணினியிலேயே குவிக் அசிஸ்ட் என்ற ஒன்று உண்டு.

நல்ல பயன்களும் நிறையவே உண்டு. மாதர் சங்கத்தின் கணக்குக் கணினி பழுதானால், திருத்துபவர் பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டியதில்லை. கனடாவிலிருக்கும் மகள், தாயின் கணினியில் விண்ணப்பப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுக்கலாம். கத்தி மரக்கறியும் வெட்டும், கையையும் வெட்டும். பிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நிறுவும்போது

முதல் விதி: உதவியை நீங்கள் தேடிப் போயிருக்க வேண்டும். உதவி தானாக உங்களைத் தேடி வந்தால் அது உதவி அல்ல. வங்கியோ, தொலைபேசி நிறுவனமோ, பொலிசோ, கொடுப்பனவு தரும் அலுவலகமோ தானாக அழைத்து இப்படியான செயலியை இறக்கச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

இரண்டாம் விதி: வட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பைத் தட்டி இறக்காதீர்கள். மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அல்லது பிளே ஸ்ரோர், அப் ஸ்ரோர் ஆகியவற்றில் மட்டும் எடுங்கள்.

விண்டோஸ் கணினி: ஒரு நாள் உதவிக்கு மென்பொருளை முழுமையாக நிறுவ வேண்டியதில்லை. ரீம்வியூவரில் 'குவிக்சப்போர்ட்' என்ற சிறிய கோப்பு உண்டு. திறந்தால் ஓர் எண்ணும் கடவுச்சொல்லும் தரும், வேலை முடிந்ததும் மூடிவிடலாம். எனிடெஸ்க் கோப்பும் நிறுவாமலே இயங்கும். அதில் 'இன்ஸ்ரோல்' என்பதை அழுத்தினால் மட்டுமே கணினி திறக்கும் போதெல்லாம் அதுவும் சேர்ந்து எழும்பும். குவிக் அசிஸ்டில் உதவி செய்பவர் ஒரு குறியீட்டைத் தருவார், அதனை நீங்கள் இட வேண்டும். திரையைப் பார்க்க ஓர் அனுமதி, இயக்குவதற்கு வேறோர் அனுமதி. பார்க்க மட்டும் விடுவது உங்கள் உரிமை. விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தப்பட்டன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பழைய கணினியில் இத்தகைய கதவைத் திறந்து வைப்பது மேலும் ஆபத்து.

மக் கணினி: இறக்கிய கோப்பைத் திறந்து 'அப்ளிகேஷன்ஸ்' என்ற உறைக்குள் இழுத்து விட்டால் போதும். ஆனால் 'பிறைவசி அன்ட் செக்கியூரிட்டி' என்ற இடத்தில், திரையைப் பார்க்க ஒன்று, சுட்டியையும் விசைகளையும் இயக்க 'அக்செசிபிலிட்டி' என்று ஒன்று, ஆக இரண்டு அனுமதிகளை நீங்களே தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

லினக்ஸ்: சில பயிற்சி நிலையங்களில் உபுண்டு பயன்படுத்துகின்றார்கள். அதற்கென உள்ள 'டெப்' கோப்பை இறக்கி நிறுவலாம். நிருவாகியின் கடவுச்சொல் கேட்கும். அக்கடவுச்சொல்லை உதவி செய்பவருக்கு வாயால் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள்.

அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி: நம்மில் அதிகமானோரிடம் இருப்பது இதுவே. செயலியை மட்டும் இறக்கினால் பெரும்பாலும் மற்றவர் திரையைப் பார்க்க மட்டுமே முடியும். இயக்குவதற்கு 'பிளக்இன்' அல்லது 'அட்ஓன்' எனப்படும் துணைச் செயலியும் 'அக்செசிபிலிட்டி' அனுமதியும் தேவை. இந்த அனுமதி கேட்கப்படும் இடமே நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம். கண்பார்வை குறைந்தோருக்கும் கை இயலாதோருக்கும் உதவுவதற்காக வைக்கப்பட்ட அனுமதி இது. இதனைப் பெற்ற செயலி உங்கள் சார்பில் திரையைத் தட்டவும், எழுத்துகளை வாசிக்கவும் வல்லது.

ஐபோன்: ரீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றால் ஐபோனின் திரையைப் பார்க்கலாம், இயக்க முடியாது. ஆனால் பார்ப்பதே போதும் சகோதரிகளே. வங்கி அனுப்பும் ஓ.ரி.பி. இலக்கம் திரையில் விழும்போது அவர் வாசித்துவிடுவார்.

உதவி நடக்கும்போது

திரைக்கு முன்னாலேயே இருங்கள். தேத்தண்ணி போட எழுந்து போகாதீர்கள். வங்கிச் செயலி, வட்ஸ்அப், படங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே மூடிவிடுங்கள். சில வங்கிச் செயலிகள் இப்படியான வேளையில் திரையைக் கறுப்பாகக் காட்டும். ஆனால் குறுஞ்செய்தி அப்படி மறையாது. நிரந்தரக் கடவுச்சொல் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொந்தப் பிள்ளைக்கென்றால் யோசித்துச் செய்யலாம். சந்தேகம் வந்தால் விளக்கம் கேட்டுக் கொண்டிராமல் இணையத்தை நிறுத்துங்கள். கணினியில் வயரைக் கழற்றலாம், கைத்தொலைபேசியில் விமானப் பயன்முறையைப் போடலாம். இணையம் அறுந்தால் அவரது கையும் அறுந்துவிடும்.

அகற்றும்போது

அந்தச் சகோதரி செய்த தவறு பலர் செய்கின்ற தவறே. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள் பலவற்றில், செயலியின் படத்தை இழுத்து 'றிமூவ்' என்பதில் விட்டால் திரையிலுள்ள படம் மட்டுமே போகும். செயலி உள்ளே அப்படியே இருக்கும். வாசலில் தொங்கிய பெயர்ப் பலகையைக் கழற்றுவதால் வீட்டுக்குள் இருப்பவர் வெளியேறிவிடுவாரா?

அன்ட்ரொய்டில்: 'செற்றிங்ஸ்' சென்று 'அப்ஸ்' பட்டியலைத் திறவுங்கள். செயலியைத் தெரிந்து 'அன்இன்ஸ்ரோல்' செய்யுங்கள். பின்னர் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். செயலியை அகற்றினாலும் துணைச் செயலி தனியாக அங்கே தங்கியிருக்கலாம். அதனையும் அகற்றுங்கள். அகற்றும் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால், அச்செயலிக்குச் சாதன நிருவாகி உரிமை கொடுக்கப்பட்டிருக்கும். செற்றிங்ஸில் 'டிவைஸ் அட்மின் அப்ஸ்' என்று தேடி, அந்த உரிமையை நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். பின்னர் 'அக்செசிபிலிட்டி' பகுதியில் உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவும் இயங்குகின்றதா என்று பாருங்கள். இறுதியாக பிளே ஸ்ரோரில் 'பிளே புரொடெக்ட்' மூலம் ஒரு முறை பரிசோதியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறவுங்கள். உங்கள் கணக்கு வேறு எந்தக் கணினியில் திறந்திருக்கின்றது என்பதை அது காட்டும். தெரியாத பெயர் இருந்தால் அதனைத் தட்டி 'லொக் அவுட்' செய்யுங்கள். இது வேறு வகைக் கதவு. செயலியை அகற்றுவதால் இக்கதவு மூடப்படாது.

ஐபோனில்: திரை ஒளிபரப்பை முதலில் நிறுத்துங்கள். செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, திரையிலிருந்து மட்டும் எடுக்காமல் 'டிலீற் அப்' என்பதையே தெரிவு செய்யுங்கள். பின்னர் செற்றிங்ஸில் 'ஜெனரல்' பகுதியில், 'வி.பி.என். அன்ட் டிவைஸ் மனேஜ்மென்ற்' என்பதில் தெரியாத அமைப்பு எதுவும் இருந்தால் அதனையும் நீக்குங்கள்.

விண்டோஸில்: மணி காட்டும் மூலையில் அதன் அடையாளம் இருந்தால் முதலில் அதனை மூடுங்கள். விண்டோஸ் 11 இல் 'செற்றிங்ஸ், அப்ஸ், இன்ஸ்ரோல்ட் அப்ஸ்' என்ற வழியிலும், விண்டோஸ் 10 இல் 'அப்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்திலும், பழைய விண்டோஸ் 7 இல் 'கொன்ட்ரோல் பனல்' ஊடாகவும் சென்று அகற்றலாம். அமைப்புகளையும் அழிக்கவா என்று கேட்டால் ஆம் என்று அடையாளமிடுங்கள். இல்லாவிட்டால் பழைய கடவுச்சொல் உள்ளே தங்கலாம். நிறுவாமல் இயக்கிய கோப்பு இந்தப் பட்டியலில் வராது. 'டவுன்லோட்ஸ்' உறையில் தேடி அழிக்க வேண்டும். கணினியை நிறுத்தித் திரும்பத் திறந்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'ஸ்ரார்ட்அப்' பகுதியில் அதன் பெயர் இன்னும் இருக்கின்றதா என்று உறுதி செய்யுங்கள்.

குரோம் றிமோட் டெஸ்க்டொப்பில் ஓர் ஏமாற்றம் உண்டு. உலாவியில் சேர்த்த சிறு நீட்சியை நீக்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 'ஹோஸ்ட்' என்ற பெயரில் அதன் முக்கிய பகுதி கணினியில் தனியாக நிறுவப்பட்டிருக்கும். செயலிப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி அகற்ற வேண்டும்.

மக்கில்: செயலியைக் குப்பைத் தொட்டிக்குள் இழுத்து விடுவது மட்டும் போதாது. பின்னணியில் இயங்கும் பகுதி மிஞ்சக்கூடும். ரீம்வியூவரின் அமைப்புப் பகுதியிலும் எனிடெஸ்க்கின் பட்டியலிலும் தம்மைத் தாமே அகற்றும் தெரிவு உண்டு. அதனையே பயன்படுத்துங்கள். பின்னர் 'லொகின் ஐட்டம்ஸ்' என்பதையும், முன்பு கொடுத்த இரண்டு அனுமதிகளையும் பார்த்து, பெயர் இருந்தால் நீக்குங்கள். 'ஷெயரிங்' பகுதியில் திரைப் பகிர்வு நிறுத்தப்பட்டிருக்கின்றதா என்றும் பாருங்கள்.

லினக்ஸில்: 'றிமூவ்' என்ற கட்டளை மென்பொருளை அகற்றும், ஆனால் அமைப்புக் கோப்புகள் மிஞ்சலாம். 'பேர்ஜ்' என்ற கட்டளை அவற்றையும் சேர்த்து அகற்றும்.

ஏமாந்துவிட்டால்

ஒழுங்கு முக்கியம். முதலில் இணையத்தை நிறுத்துங்கள். இரண்டாவதாக, வேறொருவரின் தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். இலக்கத்தை உங்கள் வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ பாருங்கள். அழைத்தவன் தந்த இலக்கத்தை எடுக்காதீர்கள். மூன்றாவதாக, அழைப்பு வந்த இலக்கம், செயலியின் பெயர், குறுஞ்செய்திகள் ஆகியவற்றை இன்னொரு கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். அதற்குப் பின்பே அகற்றுங்கள். முதலிலேயே அழித்துவிட்டால் முறைப்பாட்டுக்குச் சான்று இராது. நான்காவதாக, வேறு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அகற்றுவதற்கு முன் அதே கைத்தொலைபேசியில் மாற்றினால் புதிய திறப்பையும் அவரே பார்ப்பார்.

அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம். இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவான சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். நாமே இலக்கத்தை வாசித்துக் கொடுத்தோமே, எந்த முகத்தோடு போவது என்று தயங்க வேண்டாம். ஏமாற்றியவனே குற்றவாளி.

வீட்டுக்குள்ளேயே ஒருவர் உங்கள் கைத்தொலைபேசியில் இப்படி ஒன்றை இரகசியமாக வைத்திருக்கிறார் என்று சந்தேகித்தால், அது வேறு விடயம். திடீரென அகற்றினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், கோபம் உங்கள் மீது திரும்பலாம். முதலில் வேறொரு தொலைபேசியிலிருந்து 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அல்லது பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தின் 109 ஐ அழையுங்கள். பாதுகாப்பாக இருக்க வழி செய்த பின் அகற்றலாம்.

மீண்டும் அந்தச் சகோதரி

மூன்றாம் நாள் அவர் கைத்தொலைபேசியை அணைத்து, சேலைத் துணியொன்றில் சுற்றிக் கொண்டு மாதர் சங்கக் கட்டடத்துக்கு ஓடி வந்தார். அங்கு கணினி பழக்கும் பிள்ளை இணையத்தை நிறுத்தி, வேண்டிய படங்களை எடுத்து, செயலியையும் துணைச் செயலியையும் அகற்றிக் கொடுத்தாள். அதுவரை எவரும் கவனிக்காத நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றும் செயலியில் வைக்கப்பட்டிருந்தது. 'ஆம்' என்று அழுத்திய பத்து நிமிடத்துக்குள் அவரைக் கொண்டே வைப்பித்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்கள் மடைத்தனமாச் செய்யேல்லை. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை" என்றாள் அந்தப் பிள்ளை. அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார்.

காசு இன்னும் திரும்பி வரவில்லை. முறைப்பாடு பதிவாகியுள்ளது. கல்யாணப் படம் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றது: நினைவட்டை ஒன்றில், தம்பியிடம், ஸ்ரூடியோவில் கழுவிச் சுவரில் மாட்டிய சட்டத்தில். போன மாதம் அதே போல ஓர் அழைப்பு வந்ததாம். "தம்பி, நான் வங்கிக்கு நேரிலேயே வாறன். உங்கட பேரைச் சொல்லுங்கோ, வந்து கேக்கிறன்" என்றாராம். மறுமுனை துண்டிக்கப்பட்டது.

அயலாரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போக நாம் பழகியவர்கள். யாரிடம் கொடுப்பது, எப்போது திருப்பி வாங்குவது என்பதும் நமக்குத் தெரியும். கைத்தொலைபேசிக்கும் அதே வழக்கத்தை வைத்துக் கொள்வோம். இதனை வாசித்து முடித்ததும் உங்கள் கைத்தொலைபேசியின் செயலிப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் கைத்தொலைபேசியையும் அவருடன் சேர்ந்திருந்து பாருங்கள்.